முன்னிலை இல்லாத ஏவல்: கணினி மொழிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மேல்நிலைப் பள்ளியில் நான் கணிப்பொறி அறிவியல் பிரிவில் படித்தவன். அங்கிருந்து தமிழ் எம்.ஏ. பக்கம் வந்து சேர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய ஒரு வரி: எக்ஸ் = எக்ஸ் + 1. முந்தைய பீரியட் கணக்கு. அந்த வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் அடி விழுந்திருக்கும். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாக இருக்க முடியாது. எழுந்து கேட்டேன். 'அதைச் சமம்னு படிக்காதப்பா, அப்படியே எழுதிக்க' என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி எவ்வளவு சரி என்று விளங்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சமம் என்று படிக்கக் கூடாது என்றால் வேறு எப்படிப் படிப்பது? அந்த வரி ஒரு செய்தியைக் கூறவில்லை. எக்ஸ் என்று பெயரிட்ட இடத்தில் இருப்பதை எடு, ஒன்று கூட்டு, வந்ததை அதே இடத்தில் பழையதை அழித்துவிட்டு வை என்று ஏவுகிறது. அந்த வாக்கியத்தை மெய்யா பொய்யா என்று விசாரிக்க இயலாது. செய்தாயா, இல்லையா என்று மட்டுமே கேட்கலாம்.

இவ்வகை வாக்கியங்களால் ஆன நிரல்மொழிகளை 'இம்பரேட்டிவ்' மொழிகள் என்கிறார்கள். ஆங்கில இலக்கணத்தில் ஏவல் வினையைக் குறிக்கும் அதே சொல்தான். ஃபோர்ட்ரான், கோபால், பாஸ்கல், சி, இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பைத்தான் என்று நடைமுறையிலுள்ள மொழிகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம். (கோபால் என்று எழுதும்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி இருக்கிறது, என்ன பண்றது.) ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டுவதை எடுத்துக்கொள்வோம். ஏவல் மொழியில் இப்படிப் போகும்: 'மொத்தம்' என்ற இடத்தில் 0 வை; 'எண்' என்ற இடத்தில் 1 வை; எண் பத்தைத் தாண்டாதவரை, மொத்தத்தோடு எண்ணைக் கூட்டி மொத்தத்தில் வை, எண்ணோடு ஒன்றைக் கூட்டி எண்ணில் வை. கடைசியில் மொத்தத்தில் 55 இருக்கும். இடையில் அதே இடத்தில் 1 இருந்தது, 3 இருந்தது, 6 இருந்தது. எப்போது எட்டிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பெயருக்கு வேறு வேறு பொருள். இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: பூஜ்யம் வரையிலான கூட்டுத்தொகை பூஜ்யம், ஓர் எண் வரையிலான கூட்டுத்தொகை என்பது அந்த எண்ணும் அதற்கு முந்தைய எண் வரையிலான கூட்டுத்தொகையும் சேர்ந்தது. இங்கே யாரும் யாரையும் ஏவவில்லை. எதுவும் அழிக்கப்படவில்லை. இது ஒரு வரையறை. இதற்குள் காலம் இல்லை.

இந்த இரண்டு விதமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. 1936இல் அலோன்சோ சர்ச் கணக்கிடுதல் என்பதைச் சார்புகளின் வழியாக, வரையறையாக, விளக்கினார். அதே ஆண்டு அலன் டூரிங் வேறொரு பாதையில் போனார். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போடும் ஓர் ஆளைக் கற்பனை செய்து, அந்த ஆள் பார்க்கும் குறி, அப்போதைய மனநிலை, அடுத்து எழுத வேண்டியது, அழிக்க வேண்டியது என்று அவரது வேலையைத் துண்டு துண்டாக உடைத்தார். இரண்டும் ஒரே ஆற்றலுடையவை என்பதும் விரைவிலேயே நிறுவப்பட்டது. அப்புறம் ஏன் உலகம் முழுக்க டூரிங்கின் பாதையில், அதாவது ஏவலின் பாதையில் போயிற்று? இயந்திரங்களை அப்படிக் கட்டினார்கள், அதனால் மொழியும் அப்படி அமைந்தது என்பது வழக்கமான பதில். தப்பில்லை. ஆனால் அந்த இயந்திரத்துக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்பதைப் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன.

*

'கம்ப்யூட்டர்' என்ற சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதர்களைக் குறித்தது. அது ஓர் உத்தியோகத்தின் பெயர். 1790களில் பிரான்ஸில் கஸ்பார் த ப்ரோனி பெரும் மடக்கை அட்டவணைகளைத் தயாரிக்க ஆட்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே விரல்விட்டு எண்ணத்தக்க கணித மேதைகள். நடுவில் சூத்திரங்களை எண்களாக மாற்றித் தருகிறவர்கள். கீழே, கூட்டலும் கழித்தலும் மட்டும் தெரிந்தால் போதும் என்ற நிலையில் 60 முதல் 80 பேர். இந்த யோசனை ஆடம் ஸ்மித் உழைப்புப் பிரிவினை பற்றி எழுதியதிலிருந்து அவருக்கு வந்தது. பிற்பாடு சார்ல்ஸ் பாபேஜ், 1832இல் வெளியிட்ட தொழிற்சாலைப் பொருளாதார நூலில் ப்ரோனியின் ஏற்பாட்டை விவரித்தார். கீழடுக்கின் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பதே அவர் கனவு. கணினியின் முன்மாதிரி மனித மூளை என்று கதை சொல்வார்கள். எனக்கென்னவோ, தொழிற்சாலையில் கீழே இருந்தவரின் கைதான் முன்மாதிரி என்று படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள். பதவிப் பெயர் கம்ப்யூட்டர். மேசைக் கணக்கு இயந்திரத்தின் துணையோடு ஒரேயொரு குண்டின் பாதையைப் போட்டு முடிக்க ஒருவருக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த வேலைக்காகத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். அதே கணக்கை அரை நிமிஷத்துக்குள் முடித்தது. அதற்கு வேலை கற்பிக்க, கணக்குப்போட்ட பெண்களிலிருந்தே ஆறு பேரைப் பொறுக்கினார்கள்: கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். ஆரம்பத்தில் இயந்திரத்தைப் பார்க்கவே அவர்களுக்கு அனுமதியில்லை. வரைபடங்களைக் கொடுத்து இதிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரத்தை உலகத்துக்குக் காட்டியபோது ஓடிக்காட்டிய நிரல் அவர்களுடையது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. படங்களில் இயந்திரத்தின் அருகே நிற்கும் பெண்கள் அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்று 1980களிலும் விவரம் தெரிந்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, எனியாக்குக்கு அன்று ஏவல் மொழி எதுவும் கிடையாது. கம்பிகளைப் பிடுங்கிச் செருகுவது, திருகுகளைத் திருப்புவது, அவ்வளவுதான். ஏவல் எழுத்தாக மாறியது அடுத்த கட்டத்தில். 1945 ஜூனில் சுற்றுக்கு விடப்பட்ட எட்வாக் அறிக்கை வான் நியூமன் பெயரில் உள்ளது. அதில் எண்களை வைக்கும் நினைவகத்திலேயே இயந்திரத்துக்கான 'ஆர்டர்'களையும் வைக்கலாம் என்ற திட்டம் இருக்கிறது. ஆர்டர், அதாவது ஆணை. அப்போது அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருந்தது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டி 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய எட்சாக்கில் ஒவ்வோர் ஆணைக்கும் ஓர் எழுத்து. 'ஏ' என்றால் கூட்டு, 'எஸ்' என்றால் கழி, 'டி' என்றால் நினைவகத்தில் வைத்துவிட்டுக் கையிலிருப்பதைத் துடை, 'இஸட்' என்றால் நில். இயந்திரத்தை உயிர்ப்பிக்க டேவிட் வீலர் எழுதிய முதல் 31 ஆணைகளுக்கு 'தொடக்க ஆணைகள்' என்றே பெயர். ஆணையும் எண்ணும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் இருப்பதால் ஓர் ஆணை இன்னோர் ஆணையை எண் போலப் பாவித்துத் திருத்தி எழுத முடியும். அன்றைய நிரல்களில் இது அன்றாடம் நடந்தது. ஏவலுக்கும் ஏவப்படும் பொருளுக்கும் இடையிலான எல்லை அங்கே அழிந்துபோனது. அந்த மங்கலை மறைக்கத்தான் பின்னால் வந்த மொழிகள் இவ்வளவு பாடுபட்டன என்பது என் வாசிப்பு.

*

ஏவல் என்ற சொல்லை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். நன்னூலில் பவணந்தி வினையின் பகாப்பதங்களைக் காட்டும் இடத்தில் 23 ஈறுகளுக்கும் சொற்கள் தருகிறார். நட, வா, விடு, வை, போ என்று போகிற அத்தனையும் ஏவல். காலமும் பாலும் ஏறாத வினையை, அடியைத் தனியாக நிறுத்திக் காட்ட வேண்டுமானால் தமிழில் ஏவலாகத்தான் அது நிற்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எட்சாக் பற்றி எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. காலம் இல்லை, பால் இல்லை, விகுதி இல்லை. ஆனால் ஒன்று உண்டு: முன்னிலை. 'நட' என்றால் எதிரே ஒரு 'நீ' நிற்கிறான்.

அந்தச் சொல்லுக்கு இலக்கணத்துக்கு வெளியேயும் வாழ்க்கை இருக்கிறது. ஏவல் செய்தல் என்றால் அடிமை வேலை. குற்றேவல் என்றும் சொல்வோம். மந்திரவாதத்தில் ஏவல், பில்லி, சூனியம் என்று வரிசையில் முதலில் நிற்பதும் இதே சொல். ஒன்றை ஏவிவிட்டால் அது போய்க் காரியத்தை முடித்துவிட்டு வரும். எங்கள் ஊரில் பத்து வயசுப் பையன் என் தாத்தாவை 'ஏ, இங்க வா' என்பான். தாத்தாவுக்கு அப்போது அறுபதுக்கு மேல். யார் யாரை விகுதி இல்லாத ஏவலால் அழைக்கலாம் என்பது இலக்கண நூலில் இல்லை, தெருவில் இருந்தது. ஏவலை நான் கேட்டுப் பழகியது ஏவப்பட்டவர் பக்கத்திலிருந்து. ஆகவே, ஏவல் மொழி என்றால் வெறும் தொழில்நுட்பப் பகுப்பு என்று சொல்லும்போது காதில் ஏறமாட்டேனென்கிறது.

*

மொழி என்ற பெயருக்குத் தகுதியானவை 1950களில் வந்தன. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணிதச் சூத்திரம் போலவே தோன்றும் வரிகளை இயந்திர ஆணைகளாக மாற்றியது. என் பள்ளிக் கரும்பலகையின் சமக்குறி அங்கிருந்து வந்ததுதான். தோற்றத்தில் சமன்பாடு, செயலில் ஏவல். இந்த வேஷத்தை எல்லாரும் ஏற்கவில்லை. அல்கால் மொழியை வகுத்தவர்கள் சமக்குறிக்கு முன்னால் முக்காற்புள்ளி வைத்து வேறுபடுத்தினார்கள். ஜெர்மனியில் கொன்ராட் சூசே போர்க்காலத்திலேயே தனியாக வகுத்து வைத்திருந்த திட்டமொழியில் அம்புக்குறி இருந்தது. அது முழுமையாக அச்சேறியது 1972இல். அதே 1970களில் பரவிய சி மொழி ஃபோர்ட்ரானின் வழக்கத்துக்கே திரும்பி, உண்மையான சமத்தை இரட்டைக் குறியால் எழுதச் சொன்னது. ஒரு குறியை விட்டுவிட்டு, கேட்க நினைத்ததை ஏவிவிட்டு, அதனால் ராத்திரி முழுக்கத் தூக்கமிழந்தவர்கள் ஏராளம்.

கிரேஸ் ஹாப்பர் வேறு வழியில் வந்தார். சூத்திரம் வேண்டாம், வாக்கியம் போதும் என்றார். அவருடைய ஃப்ளோமேட்டிக்கை அடியொற்றி 1959இல் தொடங்கிய முயற்சியில் பிறந்த கோபால், இலக்கண ஆசிரியர்கள் குதூகலிக்கத்தக்க மொழி. அதன் விதிநூலிலேயே வினைச்சொல், வாக்கியம், ஏவல் கூற்று என்ற பகுப்புகள் உண்டு. கூட்டு, கழி, காட்டு, நகர்த்து என்று ஒவ்வொரு வரியும் வினையில் தொடங்கும். 'நகர்த்து' என்பது மட்டும் பொய். எதுவும் நகர்வதில்லை, நகல் எடுக்கப்படுகிறது, மூலம் இருந்த இடத்தில் இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் முன்பிருந்தது அழிகிறது. மனிதப் பேச்சின் வினை இயந்திரத்துக்குள் போகும்போது பொருள் நழுவுவதற்கு இது நல்ல உதாரணம்.

ஹாப்பர் பிற்காலத்தில் ஒரு சம்பவம் சொன்னார். ஆங்கில வினைகளுக்குப் பதில் பிரெஞ்சு வினைகளையும் ஜெர்மன் வினைகளையும் போட்டுத் தன் நிரல் ஓடுவதை மேலதிகாரிகளுக்குக் காட்டினாராம். இயந்திரத்துக்கு எல்லாம் வெறும் குறிக்கோவைதான், எந்த மொழியாக இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. மேலதிகாரிகள் அதிர்ந்துபோனார்கள். ஃபிலடெல்ஃபியாவில் செய்த கண்ணியமான அமெரிக்க இயந்திரத்துக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் மட்டுமே செய்கிறோம் என்று உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்துவிட்டுப் போகிற கதைதான். ஆனால் ஏவலுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி அதில் வெளிப்படையாக இருக்கிறது. அந்த அதிகாரிகளுக்கு இயந்திரம் ஓர் ஊழியன். ஊழியன் எசமானின் மொழியில்தான் ஏவப்பட வேண்டும். (அதே 1950களில் கீவ் நகரில் கத்தெரீனா யூஷ்செங்கோ வகுத்த முகவரி மொழியைப் பற்றி ஆங்கிலப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.)

1968 மார்ச்சில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு சிறு கடிதம் எழுதினார். 'அங்கே போ' என்ற ஏவலை உயர்மட்ட மொழிகளிலிருந்து நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. அது தீங்கானது என்று சொல்லும் புகழ்பெற்ற தலைப்பை வைத்தவர் அவரல்ல, பதிப்பாசிரியராக இருந்த நிக்லாவுஸ் விர்த். தலைப்பின் புகழில் வாதம் அமுங்கிவிட்டது. அந்த வாதம் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு நெருக்கமானது. தாளில் இருக்கும் பிரதி அசையாதது. அது ஓடும்போது நிகழ்வது காலத்தில் விரிவது. நம் மனம் அசையாததைப் பிடித்துக்கொள்ளும், காலத்தில் விரிவதைப் பிடிக்கத் திணறும். ஆகவே பிரதியின் வரிசையும் நிகழ்வின் வரிசையும் கூடியவரை ஒத்துப்போக வேண்டும். நினைத்த இடத்துக்குத் தாவச் சொல்லும் ஏவல் இந்த ஒப்புமையைக் குலைக்கிறது. ஏவலின் வன்முறை பற்றி அல்ல, வாசிக்க முடியாமை பற்றியே அவர் கவலைப்பட்டார். அடுத்த தலைமுறை மொழிகள் அவர் சொன்னபடி ஒழுங்குக்கு வந்தன. ஏவல் இருந்தது, நடை திருந்தியது.

ஆழமான விமரிசனம் ஃபோர்ட்ரானைப் படைத்தவரிடமிருந்தே வந்தது. 1977 அக்டோபரில் டூரிங் விருதைப் பெற்றுக்கொண்ட பேக்கஸ் அந்த மேடையில் தன் வாழ்நாள் சாதனையைக் கொண்டாடவில்லை. நிரலாக்கத்தை வான் நியூமன் பாணியிலிருந்து விடுவிக்க முடியுமா என்று கேட்டார். இயந்திரத்தில் நினைவகத்துக்கும் செயலகத்துக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. ஒரு சமயத்தில் ஒரு சொல்தான் அதில் போகும். மொழியிலும் அதே குறுகிய வழி இருக்கிறது, அதுதான் 'இந்த இடத்தில் இதை வை' என்ற கூற்று. எத்தனை அலங்காரம் செய்தாலும் ஃபோர்ட்ரானுக்குப் பின் வந்த மொழிகள் எல்லாம் ஒரு நேரத்துக்கு ஒரு சொல்லாகச் சிந்திக்க வைக்கின்றன, பெரிய கருத்தமைப்புகளில் சிந்திக்க விடுவதில்லை என்றார். தன் கையால் கட்டிய வீட்டை வாசலில் நின்று குறை சொன்ன இப்படியொரு மனிதரைத் தமிழ் விமரிசனத்தில் தேடிப் பார்க்கிறேன். சரி, அது வேறு கதை.

பேக்கஸின் உரையிலிருந்து எனக்குக் கிடைத்த முக்கியமான தெளிவு: ஏவல் மொழியை ஏவல் மொழியாக்குவது வினைச்சொல் அல்ல. தரவுகளைக் கேட்டுப் பெறும் எஸ்.க்யூ.எல். மொழியில் வரி 'தேர்ந்தெடு' என்ற ஏவலில் தொடங்குகிறது. ஆனால் எப்படித் தேடுவது என்று அது சொல்வதில்லை, எது வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உருவத்தில் ஏவல், உள்ளே வேண்டுகோள். மறுபுறம் எக்ஸ் = எக்ஸ் + 1 என்பதில் ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. அதுதான் சுத்தமான ஏவல். அழித்து எழுதக்கூடிய ஓர் இடமும், முன்பின் மாறாத ஒரு வரிசையும் இருந்தால் போதும், அங்கே ஏவல் வந்துவிடுகிறது. சர்ச்சின் மரபில் வந்தவர்கள் இதை ஒழிக்கப் பார்த்தார்கள். 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் பாதி தூரம் போய்ச் சமரசம் செய்துகொண்டது. 1990இல் வந்த ஹாஸ்கெல் பிடிவாதமாக நின்றது. ஆனால் திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டுமென்றால்கூட எது முன், எது பின் என்ற வரிசை வேண்டியிருக்கிறது. கடைசியில் 'செய்' என்று பொருள்படும் ஒரு சொல்லின் கீழ் வரிசையாக எழுதும் வசதியை அங்கேயும் கொண்டுவந்தார்கள். அதைச் சார்புகளாக விளக்கும் நேர்த்தியான கணிதம் பின்னால் இருக்கிறது, மறுக்கவில்லை. எழுதுகிறவர் கை எழுதுவதென்னவோ ஏவலைப் போலத்தான்.

*

தமிழிலேயே நிரல் எழுதும் முயற்சிகளில் 2009இல் முத்தையா அண்ணாமலை கட்டுரையாக வெளியிட்ட எழில் குறிப்பிடத்தக்கது. அதில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும். நம் வாக்கியம் போல. 'பதிப்பி' மட்டும் பதிப்பிக்க வேண்டியதற்கு முன்னால் நிற்கிறது. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிக்குள் வினையை முதலில் வைக்கும் ஏவல் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. எட்சாக்கின் ஒற்றை எழுத்துகள் அதற்குள் கேட்கின்றன.

தமிழில் மட்டுமே தெரிகிற இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் மனிதர் இயந்திரத்துக்குச் சொல்வதும் இயந்திரம் மனிதருக்குச் சொல்வதும் ஒரே வெற்று வினை. கைபேசியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். நாம் தொடும் பொத்தான்களில் சேமி, நீக்கு, பகிர். அது நம்மிடம் பேசும்போது 'கடவுச்சொல்லை உள்ளிடவும்', 'மீண்டும் முயலவும்'. மொழிபெயர்த்தவர்கள் யாரும் உட்கார்ந்து கோட்பாடு பேசியிருக்க மாட்டார்கள். இயந்திரத்துக்கு 'நீ', மனிதருக்கு 'வும்' என்று அவர்கள் காது தானாகவே பிரித்திருக்கிறது. தாத்தாவுக்குக் கிடைக்காத 'வும்'.

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் பி.காம். முடித்துவிட்டு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் பார்த்தேன். தாத்தாவைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியில் மாட்டியிருந்த போன் ஒலித்தது. எடுக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'யார்கிட்ட போயி சொல்றதுண்ணே, அந்தப் பக்கம் ஆளு இருந்தாத்தான' என்றான். ஒரு தொடுதொட்டான். 'வலதுபுறம் திரும்பவும்' என்றது ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.